குளத்துப் பாசியும் எங்கள் வரட்சியும் வெள்ளமும்

(நூற்றாண்டு விழாவையொட்டிப் புல்மோட்டையில் கூடிய பழைய மாணவிகள் முன்னிலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"விஞ்ஞானமாக இருக்கட்டும், ஆனால் ஆட்களுக்கு நித்திரை வரக்கூடாது" என்பது சங்கத் தலைவி எனக்கு இட்ட நிபந்தனை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகான நேரத்தையும் தந்துவிட்டு இப்படிச் சொல்வது நியாயமில்லை. இருந்தாலும் முயல்கிறேன்.

புல்மோட்டை என்றதும் வெளியூரார் கேட்பது கறுப்பு மணலைப் பற்றித்தான். இல்மனைற்று, ரூட்டைல், சேர்க்கோன் என்ற பெயர்களெல்லாம் இங்கே சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். அந்த மணலைப் பற்றிப் பேச ஆட்கள் நிறைய உண்டு. நான் பேச வந்தது மணற்பருக்கையை விடச் சிறிய ஒன்றைப் பற்றி. யாரும் தோண்டிக் கப்பலில் ஏற்றாத ஒன்றைப் பற்றி. குளத்துத் தண்ணீரிலும் களப்புச் சேற்றிலும் கண்ணுக்குப் புலப்படாமல் வாழும் பாசிதான் அது.

பாடப்புத்தகத்தில் அல்கா என்று படித்தோம். வீட்டில் அதைப் பாசி என்போம். கிணற்றுக் கட்டில் வழுக்குவதும் பாசி, குளத்தில் நூல்நூலாக மிதப்பதும் பாசி. நுணுக்குக்காட்டியின் கீழ் ஒரு துளி வைத்தால் அந்த ஒரு சொல்லுக்குள் எத்தனை வகை என்று தெரியும். பச்சை அல்காக்கள் சில பிறை வடிவில் இருக்கும், சில நட்சத்திர வடிவில் இருக்கும். தயத்தம்கள் கண்ணாடிப் பேழைக்குள் வாழ்பவை. அவற்றின் ஓடு சிலிக்காவால் ஆனது, அதாவது எங்கள் வெள்ளை மணலும் சாளரக் கண்ணாடியும் எதனால் ஆனவையோ அதனால். உலகத்தில் நடக்கும் ஒளித்தொகுப்பில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கைச் செய்வது இந்தத் தயத்தம்கள் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். மூன்றாவது கூட்டம் நீலப்பச்சைப் பாசி. அது உண்மையில் பற்றீரியா. சயனோபற்றீரியா என்று உயர்தர வகுப்பில் எழுதினோம். குழப்படிக்காரர் அந்தக் கூட்டத்தில்தான் அதிகம்.

இலங்கையின் பாசிகளை முதலில் பட்டியலிட்டவர்கள் வெள்ளைக்காரர். வெஸ்ற் என்ற தந்தையும் மகனும் 1902இல் ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டார்கள். பிறகு ஃபிரிற்ஷ் என்பவர் இங்கே வந்து குளங்களைப் பார்த்துவிட்டுப் போய் 1907இல் எழுதினார். தாழ்நிலத்து வெப்பநாடுகளின் நன்னீரில் நீலப்பச்சைப் பாசிதான் மேலோங்கி நிற்கிறது என்பது அவருடைய முக்கியமான அவதானம். குளிர்நாட்டுக் குளத்தைப் பார்த்து எழுதிய புத்தகத்தை வைத்துக்கொண்டு எங்கள் குளத்தை விளங்கிக்கொள்ள முடியாது என்பதை அவரே அப்போது கண்டுகொண்டார்.

இனி எங்கள் இடத்துக்கு வருவோம். புல்மோட்டைக்கு வடக்கே கொக்கிளாய்க் களப்பு. திருகோணமலை, முல்லைத்தீவு என்ற இரு மாவட்டங்களும் பங்குபோடும் களப்பு அது. 1951இல் சரணாலயமாக்கப்பட்டது. பேராறும் பதவியாப் பக்கத்திலிருந்து வரும் மா ஓயாவும் அதில் விழுகின்றன. ஒடுங்கிய ஒரு வாயால் கடலோடு தொடர்பு. தெற்கே யான் ஓயா கடலில் சேர்கிறது. இடையிலே பெரிதும் சிறிதுமாகக் குளங்கள், வில்லுகள், மாரியில் மட்டும் தண்ணீர் நிற்கும் பள்ளங்கள். வருஷத்து மழையில் பெரும்பங்கை ஐப்பசி தொடங்கித் தை வரைக்கும் வாடைக்காற்று கொட்டிவிட்டுப் போய்விடும். பிறகு கச்சான் வீசி வீசி, ஆவணியில் நிலம் வெடித்துக் கிடக்கும். இன்று நீங்கள் பஸ்ஸில் வரும்போது பார்த்த குளம் அப்படித்தான் கிடந்திருக்கும்.

அந்த வெடித்த நிலத்தில் பாசிக்கு என்ன நடக்கிறது? "செத்துப்போகும்" என்றுதான் பெரும்பாலானோர் சொல்வார்கள். மேசையில் இருக்கும் இரண்டு போத்தல்களையும் பாருங்கள். இரண்டிலும் ஒரே குளத்து அடியிலிருந்து எடுத்த ஒரே காய்ந்த சேறு. ஒன்றை அப்படியே மூடி வைத்திருக்கிறேன். மற்றதில் பத்து நாளுக்கு முன் ஆறவைத்த கொதிநீர் ஊற்றிச் சாளரத்தருகே வைத்தேன். வேறொன்றும் சேர்க்கவில்லை. கொதித்த தண்ணீரில் பாசி உயிரோடு வந்திருக்க முடியாது. ஆனாலும் அது பச்சையாகியிருக்கிறது.

தண்ணீர் குறையத் தொடங்கியதும் பாசிகளில் பல தம்மைத் தாமே பொதிகட்டிக்கொள்கின்றன. அனபீனா போன்ற நீலப்பச்சைப் பாசி, சங்கிலியில் ஒரு சில கலங்களை மட்டும் பெருக்க வைத்து, தடித்த உறை போட்டு, உள்ளே சாப்பாடும் நிரப்பி உறங்கவைக்கும். பச்சை அல்காக்கள் பல, இணைந்து தடித்த சுவருள்ள வித்திகளை விட்டுவிட்டு மடியும். சென்னையில் எம்.ஓ.பி. ஐயங்கார் 1920இலேயே வொல்வொக்ஸ் குடும்பத்துப் பாசிகளைப் பற்றி எழுதினார். பந்துபோல உருண்டு நீந்தும் அந்த அழகியும் வெயிற்காலத்தை இப்படியொரு வித்திக்குள் இருந்துதான் கடக்கிறது. வேறு சில, பசைபோன்ற ஒரு சளிப் போர்வைக்குள் ஒன்றோடொன்று ஒட்டிக் காய்ந்து, கடதாசிபோல உரிந்து கிடக்கும். அமெரிக்காவின் எவர்கிளேட்ஸ் சதுப்பில் இப்படிக் காய்ந்த பாசிப் பாய்கள் தண்ணீர் பட்டுச் சில நாட்களுக்குள் மறுபடி வேலை தொடங்கிவிடுகின்றன.

எவ்வளவு காலம் உறங்க முடியும்? இங்கிலாந்தின் றொஸ்தேர்ன் என்ற ஏரியின் அடிச்சேற்றில் 64 வருஷம் கிடந்த நீலப்பச்சைப் பாசியின் உறங்குகலங்களை முளைக்கவைத்து 1980இல் அறிவித்தார்கள். டென்மார்க்கின் மரியாகர் கடற்கழியில் நூறு வருஷத்துக்கு மேல் புதைந்திருந்த ஸ்கெலெற்றோனிமா என்ற தயத்தம் விழித்து வளர்ந்ததை 2011இல் அறிவித்தார்கள். நூற்றாண்டு விழாவுக்கு இதைவிடப் பொருத்தமான விருந்தாளியை நான் எங்கே தேடுவேன்! வெளியே இரண்டு உலகப்போர் வந்துபோன காலமெல்லாம் அது சேற்றுக்குள் இருட்டில் கிடந்திருக்கிறது.

ஆகவே வரட்சி பாசியின் எதிரியல்ல. எங்கள் பாசிகள் வரட்சிக்குப் பழகியவை. மாரிக்கு மாரி நிரம்பி, கோடைக்குக் கோடை வற்றுவது அவற்றுக்குப் பகலும் இரவும் மாதிரி.

கனடாவின் மனிற்றோபா மாகாணத்துச் சதுப்புகளை ஆராய்ந்த கோல்ட்ஸ்பரோ, ரொபின்சன் என்ற இருவர் 1996இல் இதை ஒழுங்காகச் சொன்னார்கள். ஈரநிலத்துக்கு நாலு நிலை உண்டு, ஒவ்வொன்றிலும் ஆட்சி செய்யும் பாசி வேறு என்பது அவர்கள் கருத்து. அதை எங்கள் குளத்துக்குப் பொருத்திப் பார்க்கிறேன். வற்றிய நிலையில் சேற்றின் மேல் தவழும் பாசி. தண்ணீர் வந்து புல்லும் சம்பும் முளைத்ததும் அவற்றின் தண்டில் ஒட்டி வளரும் பாசி. நத்தையும் மீன்குஞ்சும் சுரண்டித் தின்பது இதைத்தான். காற்று அடங்கிய, செடி நிறைந்த மூலைகளில் பஞ்சுபோல மிதக்கும் நூற்பாசி. செடியெல்லாம் அழுகிப்போய் அல்லது ஆழத்தில் மூழ்கிப்போய் வெறும் தண்ணீராக நிற்கும்போது, அந்தத் தண்ணீர் முழுவதையும் பச்சைச் சாயமாக்கும் மிதவைப்பாசி. ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளுவது தண்ணீரின் ஏற்ற இறக்கமும் பசளையும். சம்பையும் ஆம்பலையும் கண்மூடித்தனமாக வெட்டித் துப்புரவாக்கினால் குளம் அழகாக இருக்கும் என்று நினைக்கிறோம். நாலாவது நிலையை நாங்களே வரவழைக்கிறோம் என்பது என் அபிப்பிராயம்.

முதல் மழையைப் பற்றி இந்த ஊர்க் கமக்காரருக்கு யாரும் பாடம் நடத்தத் தேவையில்லை. காய்ந்த வயலில் முதல் ஈரம் பட்டதும் பயிர் எழும்பும் வேகம் அவர்களுக்குத் தெரியும். கிழக்கு ஆபிரிக்காவில் வேலை செய்த பேர்ச் என்பவர் 1958இல் அதன் காரணத்தை அளந்து காட்டினார். மண் காயும்போது உள்ளேயிருக்கும் நுண்ணுயிர்கள் பல மடிகின்றன. ஈரம் பட்டதும் மிச்சமுள்ளவை அந்த உணவைத் தின்று பெருக, நைதரசன் விடுபடுகிறது. குளத்தடியிலும் இதேதான் நடக்கிறது; பொசுபரசும் சேர்ந்து வெளிவருகிறது. மாட்டுச் சாணம், வெயிலில் காய்ந்த புல், வயலிலிருந்து கழுவி வரும் யூரியா எல்லாம் அந்த முதல் தண்ணீரோடு கூடும். உறங்கிய பாசிக்குப் படுக்கையிலேயே காலைச் சாப்பாடு.

அளவான மழைக்கு இது பொருந்தும். பெருவெள்ளம் வேறு கதை. எங்கள் கரையில் வயசைச் சொல்வதற்கே வெள்ளத்தையும் புயலையும் கணக்கு வைத்தவர்கள் உண்டு. 1957 மார்கழி வெள்ளம், 1964 மார்கழிப் புயல், 1978 கார்த்திகைச் சூறாவளி, 2011 தை மாசியில் கிழக்கு முழுவதும் மூழ்கியது, 2025 நவம்பர் இறுதியில் கிழக்குக் கரையில் ஏறிய டித்வா. அப்படியான நாட்களில் பாசியைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போய்விடுகிறது. பாசி இரட்டிப்பாக ஒரு நாளோ இரண்டு நாளோ தேவை. குளத்துத் தண்ணீர் முழுதும் அதைவிட விரைவாக வான் பாய்ந்து போனால் எந்தப் பாசி நிற்கும்? மிஞ்சியதற்கும் செந்நிறச் சேற்றுத் தண்ணீரில் வெளிச்சம் கிடையாது. சேறு படிந்து தண்ணீர் தெளிய ஓரிரு கிழமை ஆகும். அதன் பிறகுதான் பெருக்கம்.

அந்தப் பெருக்கத்தில் முதல் வருவது பெரும்பாலும் தயத்தம். காரணம் சிலிக்கா. ஆறு மலையையும் மண்ணையும் கழுவிக் கரைத்துக்கொண்டு வரும் சிலிக்கா இல்லாமல் அவை ஓடு கட்ட முடியாது. கொக்கிளாய்க் களப்பில் இறால் பிடிக்கும் குடும்பங்கள் இங்கே பல இருக்கின்றன. கடலில் பொரித்து, களப்புக்குள் ஒதுங்கி வளரும் இறால் குஞ்சின் சாப்பாட்டுத் தட்டில் தயத்தம் இருக்கிறது. இறால் பொரிப்பகங்களிலும் குஞ்சுகளுக்கு வளர்த்துக் கொடுப்பது கீற்றோசெரோஸ், ஸ்கெலெற்றோனிமா என்ற தயத்தம்களைத்தான். ஆகவே மாரி வெள்ளம் களப்புக்குள் வருவது அழிவு மட்டுமல்ல, விதைப்பும்தான். மேலே எங்கும் அணைகட்டி மறித்து, வெள்ளமே கீழே வராமல் செய்துவிட்டால் இறாலுக்கு என்ன ஆகும் என்ற கேள்வியை நீர்ப்பாசனத் திட்டம் போடுகிறவர்கள் யாரும் எங்கள் மீனவர் வீட்டுப் பெண்களிடம் கேட்டதாக நான் அறியவில்லை.

களப்பில் இன்னொரு சங்கதி உப்பு. கடல்நீரில் ஆயிரத்துக்கு 35 பங்கு உப்பு. மாரியில் களப்பு கிட்டத்தட்ட நன்னீராகிவிடும். கோடையில் வாய் மணலால் அடைபட்டு, வெயில் குடிக்கக் குடிக்க, ஆழமில்லாத களப்புகளின் ஓரங்களில் உப்பு கடலையும் மிஞ்சும். அங்கேயும் ஒருத்தி இருக்கிறாள்: டுனாலியெல்லா. கலச்சுவரே இல்லாத பாசி. உப்பு ஏற ஏறத் தன்னுள்ளே கிளிசரோலைச் செய்து சமப்படுத்திக்கொள்ளும். வெயிலுக்குக் குடையாக கரற்றில் உள்ள அதே பீற்றா கரற்றீனை நிரப்பிச் சிவந்துவிடும். உப்பளப் பாத்திகள் உப்பு விளையும் நேரத்தில் இளஞ்சிவப்பாக நிற்பதை ஆனையிறவுப் பக்கம் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். உப்பை விரும்பும் நுண்ணுயிர்களோடு சேர்ந்து இவள் தீட்டிய நிறம் அது. பூநாரையின் சிவப்பும் இந்த வழியாகத்தான்: பாசியின் நிறம் சின்ன இறாலுக்கு, இறாலிலிருந்து இறகுக்கு.

இவ்வளவும் அழகான பக்கம். இனிச் சொல்லப்போவதற்காகத்தான் உண்மையில் இந்த அழைப்பை ஏற்றுக்கொண்டேன். தங்கச்சிமார் கவனமாகக் கேளுங்கள்.

வரட்சி நீளும்போது குளம் சுருங்குகிறது. இருக்கிற பசளை கொஞ்சத் தண்ணீருக்குள் செறிகிறது. தண்ணீர் சுடுகிறது. கச்சான் அடியைக் கலக்கிக்கொண்டே இருக்கிறது. பராக்கிரம சமுத்திரத்தைப் பற்றி ஷீமர் தொகுத்து 1983இல் வந்த நூலைப் படித்தால், எங்கள் ஆழமற்ற பெருங்குளங்களின் பாசியைக் காற்றும் நீர்மட்டமும் எப்படி ஆட்டிவைக்கின்றன என்பது விளங்கும். இந்த நிலைமை நீலப்பச்சைப் பாசிக்குத் தோதானது. அவற்றில் சில காற்றிலுள்ள நைதரசனையே பிடித்துக்கொள்ளும். மைக்ரோசிஸ்ற்றிஸ் தன் கலத்துக்குள் வாயுப் பைகளை வைத்து மேலே மிதந்து, கீழேயுள்ள மற்றப் பாசிக்கு வெளிச்சத்தை மறைக்கும். 1991இல் கொத்மலை நீர்த்தேக்கத்திலும் 1999இல் கண்டி வாவியிலும் பச்சை வர்ணம் கொட்டியதுபோல் படர்ந்தது இதுதான்.

இவற்றில் சில இனங்கள் நஞ்சு செய்கின்றன. ஈரலைத் தாக்கும் நஞ்சு, நரம்பைத் தாக்கும் நஞ்சு. 1878இலேயே, தென் அவுஸ்திரேலியாவின் ஓர் ஏரியில் இப்படிப் படர்ந்த தண்ணீரைக் குடித்து ஆடுமாடுகள் மடிந்ததை ஜோர்ஜ் ஃபிரான்சிஸ் என்பவர் எழுதினார். அதைவிட எனக்கு நித்திரை கெடுத்தது பாம் தீவின் கதை. அவுஸ்திரேலியாவின் வடகிழக்கில் பூர்வகுடி மக்கள் வாழும் சின்னத் தீவு. 1979இல் கோடைத் தொடக்கத்தில் அவர்களுடைய குடிநீர் அணையில் பாசி படர்ந்தது. தண்ணீர் மணக்கிறது, ருசி கெட்டிருக்கிறது என்று மக்கள் முறையிட்டார்கள். அணையில் மயில்துத்தம் போட்டுப் பாசியைக் கொன்றார்கள். தண்ணீர் தெளிந்தது. சில நாட்களில் 148 பேர் நோயாளிகள். பத்துப் பேர் தவிர எல்லோரும் பிள்ளைகள். ஈரல் வீங்கி, சிறுநீரகம் பாதிக்கப்பட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். பிறகுதான் விளங்கியது, நஞ்சு பாசிக் கலத்துக்குள் இருந்தது. கலத்தை உடைத்ததும் அத்தனையும் தண்ணீரில் கலந்துவிட்டது என்று. சிலின்ட்ரோஸ்பெர்மொப்சிஸ் என்ற அந்தப் பாசி எங்கள் உலர்வலயக் குளங்களிலும் பதிவாகியிருக்கிறது. பதவியாப் பக்கத்துச் சிறுநீரக நோய்க்கும் இதற்கும் தொடர்புண்டா என்று சிலர் ஆராய்ந்தார்கள், அப்படி நிறுவப்படவில்லை. அதைச் சொல்லி யாரையும் பயப்படுத்த மாட்டேன்.

ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்வேன். கொதிக்கவைத்தால் வாந்திபேதிக் கிருமி சாகும். பாசி நஞ்சு கொதிக்கவைப்பதால் போகாது. கலம் வெடித்து இன்னும் வெளியேதான் வரும். எங்கள் அம்மாமார், உம்மாமார் எல்லோரும் எங்களுக்குச் சொல்லித்தந்த "கொதிக்கவைத்துக் குடி" என்ற நல்ல பாடம் இந்த ஓர் இடத்தில் உதவாது. மயில்துத்தம், பிளீச்சிங் தூள் என்று கண்டதைக் குளத்தில் போடுவதும் ஆபத்து. 2016, 2017இல் நாற்பது வருஷத்தில் காணாத வரட்சி வந்தபோது பவுசர் வரும்வரை எத்தனை வீடுகளில் குளத்துத் தண்ணீரை அள்ளினார்கள் என்பது இங்கே இருக்கிற உங்களுக்கே தெரியும்.

எப்படி அடையாளம் காண்பது? ஒரு தடியை விட்டுத் தூக்குங்கள். கூந்தல்போல் தொங்கி வந்தால் அது நூற்பாசி, பெரும்பாலும் தொல்லையில்லை. தடியில் வர்ணம் பூசியதுபோல் ஒட்டினால் சந்தேகப்படுங்கள். இன்னொரு வழி: கண்ணாடிப் போத்தலில் முக்கால்வாசி அள்ளி ஓர் இரவு ஆடாமல் வையுங்கள். காலையில் பச்சை மேலே திரண்டு மிதந்தால் பெரும்பாலும் நீலப்பச்சைப் பாசி. அடியில் படிந்தால் மற்றவை. இவை இரண்டும் ஆய்வுகூடப் பரிசோதனைக்கு ஈடல்ல, எச்சரிக்கைக்குப் போதும். அப்படிப் படர்ந்த நாளில் அந்தத் தண்ணீர் குடிக்கவும் சமைக்கவும் வேண்டாம், பிள்ளைகள் அதில் குளிக்கவும் வேண்டாம், மாட்டையும் அந்தக் கரையில் இறக்க வேண்டாம். காற்று எந்தக் கரைக்கு அடிக்கிறதோ அங்கேதான் படலம் குவியும். கச்சான் காலத்தில் அது வடகிழக்குக் கரை.

இனி நான் உங்களிடம் கேட்க வந்தது. கனடாவின் சதுப்புக்கும் பொலன்னறுவைக் குளத்துக்கும் வருஷக் கணக்கில் அளவெடுத்தார்கள். புல்மோட்டைக் குளம் எந்தக் கிழமையில் பச்சையாகிறது, வெள்ளம் போய் எத்தனை நாளில் தெளிகிறது என்று ஒருவர் கொப்பியில் எழுதி வைத்தால் அடுத்த வரட்சியில் முன்கூட்டியே எச்சரிக்கலாம். பெரிய கருவி வேண்டாம். செக்கி என்ற இத்தாலியப் பாதிரியார் 1865இல் கடலில் ஒரு வெள்ளை வட்டை இறக்கி, கண்ணுக்கு மறையும் ஆழத்தை அளந்தார். இன்றும் உலகம் முழுதும் அதையே செய்கிறார்கள். ஒரு ஜாண் அகலமுள்ள ஐஸ்கிறீம் மூடி, கறுப்பும் வெள்ளையுமாக நாலு கால்பங்கு வர்ணம், கீழே ஒரு கல், பத்துச் சதமீற்றருக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிறு. அவ்வளவுதான். உயர்தர உயிரியல் பிள்ளைகள் பன்னிரண்டு பேர், கிழமைக்கு ஒரு தடவை, காலை பத்துக்கும் பிற்பகல் இரண்டுக்கும் இடையில். தனியாகப் போக வேண்டாம், இரண்டு பேராகப் போங்கள். திகதி, துருசுப் படியில் தண்ணீர் எத்தனையாம் படி, வட்டு மறைந்த ஆழம், நிறம், மணம், தடியில் ஒட்டியதா தொங்கியதா: ஆறு நிரல். மழை பெய்த நாளைச் சிவப்பில் எழுதுங்கள்.

கொப்பிகளை நான் கொண்டுவந்திருக்கிறேன், ஆசிரியையிடம் இருக்கின்றன. மாதம் ஒரு முறை பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினால் அட்டவணையில் ஏற்றித் தருவதாக ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கும் எங்கள் வகுப்புத் தோழிமார் மூவர் பொறுப்பெடுத்திருக்கிறார்கள். முதல் அளவை மழை தொடங்க முன்னம், குளம் வற்றியிருக்கும்போதே எடுக்க வேண்டும். அந்த நாளில் வட்டு இறக்கத் தண்ணீர் இருக்காது. "காய்ந்த சேறு" என்று எழுதி, ஒரு கைப்பிடியை எடுத்துப் போத்தலில் போட்டுத் திகதி ஒட்டி வையுங்கள்.